ஒன்பதாம் மாசம் ஒண்ணு, ஒன்றரை வயசுல ஒண்ணு



போன மாதம் நமது கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும் ஒரு அக்கா எழுந்தாங்க. "என் பேரனுக்கு ஒன்பதாம் மாசம் தட்டம்மை ஊசி போட்டோம். ஒரு வாரம் கழிச்சு காய்ச்சல் வந்து ரெண்டு ராத்திரி யாரும் தூங்கல. இப்ப ஒன்றரை வயசுல அதே ஊசியை மறுபடி போடணும்னு நர்சம்மா சொல்றாங்க. ஒருதரம் போட்டது போதாதா?" என்று கேட்டாங்க. உடனே இன்னும் மூணு பேர், "நாங்களும் ரெண்டாவது ஊசி போடலை" என்றாங்க. அதில் ஒருத்தர் தை பிறந்ததும் குழந்தையோடு செங்கல் சூளைக்குப் போனவங்க. திரும்பி வந்தபோது ஊசி ஞாபகமே இல்லையாம். அதனால் தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. நம்ம உடம்புக்குள்ளேயும் ஒரு கணக்கு நோட்டு இருக்கு. குழுவில் புதுசா ஒருத்தர் கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? விசாரிக்கிறோம், கூடிப் பேசுகிறோம், தீர்மானம் போட ரெண்டு வாரம் ஆயிடுது. அதே ஆள் அடுத்த முறை வந்தால் நோட்டைப் புரட்டினால் போதும். உடம்பும் அப்படித்தான். புதுக் கிருமி நுழைந்தால் அதற்கேற்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் கிருமி பெருகி குழந்தையைப் படுக்க வைத்துவிடும். பிழைத்து எழுந்தால், அந்தக் கிருமியின் அடையாளம் 'ஞாபக அணுக்கள்' என்ற நோட்டில் பதிந்துவிடும்.

எத்தனை வருஷம் அந்த எழுத்து அழியாமல் இருக்கும்? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. டென்மார்க் நாட்டுக்குச் சொந்தமான பேரோ தீவுகளில் 1781-ல் தட்டம்மை வந்தது. பிறகு 65 வருஷம் வரவே இல்லை. 1846-ல் மறுபடி வந்தபோது சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். அங்கே போன பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாக விசாரித்தார். சின்ன வயசில், 1781-ல் அம்மை கண்ட கிழவர் கிழவிகளில் ஒருவருக்குக்கூட அவருக்குத் தெரிந்தவரை இரண்டாம் முறை வரவில்லை. 65 வருஷம் உடம்பு மறக்கலை பாருங்க!

நோய் வராமலே அந்த நோட்டில் எழுத வைப்பது தான் தடுப்பூசி. ஊசியில் இருப்பது வலு குறைத்த உயிருள்ள கிருமி. அது குழந்தையை வீழ்த்தாது, ஆனால் உடம்பு அதை நிஜக் கிருமி என்றே நினைத்து வேலையில் இறங்கும். ஊசி போட்டு ஏழிலிருந்து பன்னிரண்டு நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல், லேசான சொறி வருவது இதனால் தான். அந்த அக்காவின் பேரனுக்கு வந்தது அதுதான். ஓரிரு நாளில் தணிந்துவிடும். தணியாவிட்டாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்.

சரி, ரெண்டாவது ஊசி எதுக்கு? வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. பிறந்து சில மாதம் அது காவல் காக்கும். ஆனால் அதே காவல் ஊசியில் உள்ள கிருமியையும் அடித்துவிடும். அதனால் தான் அது குறையும் வரை, ஒன்பது மாதம் காத்திருக்கிறார்கள். அப்போதும் 100 குழந்தையில் சுமார் 85 பேருக்குத் தான் ஊசி பிடிக்கும். மீதி 15 குழந்தை யார் என்று வெளியே பார்த்தால் தெரியாது. அவர்களுக்காகத் தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. விட்டுப்போனவர்கள் ஐந்து வயது வரைக்கும் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே பிடித்த குழந்தைக்கு மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை.

"அம்மை வந்தா வந்துட்டுப் போகட்டும், நாங்க எல்லாம் பிழைக்கலையா?" என்று கேட்கும் பாட்டிகள் நம்ம ஊரில் இருக்காங்க. பிழைத்தவர்கள் தானே கேட்க முடியும்! தட்டம்மையோடு வரும் நிமோனியா, பேதி தான் குழந்தையைக் கொண்டுபோகிறது. சில குழந்தைகளுக்குக் கண் போகும். இன்னொன்றும் இப்போது தெரிந்திருக்கு. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்ததில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தது. அதாவது இந்த அம்மை நோட்டையே கிழித்துப் போடுகிறது. அம்மை இறங்கின பிறகும் குழந்தை மாதக்கணக்கில் மாற்றி மாற்றிச் சீக்கில் விழுவது இதனால் தான்.

வாசலில் வேப்பிலை சொருகி வெளியாள் வராமல் செய்தது நம்ம முன்னோரின் நல்ல ஏற்பாடு, அதை நாங்கள் குறை சொல்லலை. ஆனால் சொறி தெரிவதற்கு நாலு நாள் முன்னாடியே இது பரவ ஆரம்பிச்சுடுது. இருமின குழந்தை எழுந்து போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரை கிருமி அந்த அறைக் காற்றில் இருக்கும். வேப்பிலை கட்டுங்க, கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்க. அங்கே அடுத்தடுத்து ரெண்டு நாள் வைட்டமின் ஏ திரவம் கொடுப்பாங்க, கண்ணைக் காப்பாற்ற அது முக்கியம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை போட்டாங்களே, அதிலிருந்து இது வெறும் தட்டம்மை ஊசி இல்லை, ரூபெல்லாவும் சேர்ந்த எம்.ஆர். ஊசி. ரூபெல்லா வந்தால் குழந்தைக்குப் பெரிசா ஒன்றும் ஆகாது. ஆனால் கர்ப்பமான முதல் மூணு மாதத்தில் தாய்க்கு வந்தால், பிறக்கும் பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு வரலாம். அதனால் இன்றைக்குப் பெண் குழந்தைக்குப் போடும் ஊசி நாளைக்கு அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத் தான். கர்ப்பிணிகள் மட்டும் இந்த ஊசியைப் போடக்கூடாது.

பொன்னுக்கு வீங்கிக்கு அரசு ஊசியில் இடமில்லை. மூணும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி தனியார் மருத்துவர்களிடம் காசு கொடுத்துப் போடுவது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டதால் வீக்கம் வற்றியது என்பார்கள், போடாவிட்டாலும் பத்து நாளில் வற்றிவிடும். ஆனால் பெரிய பையன்களுக்கு விரை வீங்கினாலோ, காது மந்தமானாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ தாமதிக்கக்கூடாது.

சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவங்க ரேஷன் கார்டோடு தாய் சேய் நல அட்டையையும் பையில் வையுங்க. எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவாங்க. குழு ஊக்குநர்கள் அடுத்த வாரக் கூட்டத்தில் ஒன்றரை வயதான பிள்ளைகளின் அட்டைகளை வாங்கிப் பார்த்து, எம்.ஆர். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் பேரைக் குறித்து நர்சம்மாவிடம் கொடுக்கவும்.

அந்த அக்கா அடுத்த புதன்கிழமையே பேரனைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டு வந்துட்டாங்க. இந்தத் தடவை காய்ச்சல் வரலையாம். நர்சம்மாவைப் பார்த்தால் மட்டும் பையன் பாட்டி முந்தானைக்குள் ஒளிஞ்சுக்கிறானாம்.