'எம்ப்ரைஸ்': ஒரு சொல்லாய்வு

ஆங்கிலத்தில் வழக்கொழிந்து, பழம்பாடல்களில் மட்டும் எஞ்சி நிற்கும் சொற்களுள் 'எம்ப்ரைஸ்' ஒன்று. 'அட்வென்ச்சர்' போலவே இதற்கும் 'வீரதீரச் செயல்' என்றே பொருள் கொள்கிறோம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

'அட்வென்ச்சர்' என்பதன் இலத்தீன் வேர் 'வந்தடைதல்' என்னும் பொருளது. தற்செயலாய் நேர்வதையே அது முதலில் குறித்தது. 'எம்ப்ரைஸ்' பழைய பிரெஞ்சின் வழி வந்தது. அதன் இலத்தீன் வேர் 'பற்றுதல்' என்னும் பொருளது. முன்னது மனிதனைத் தேடி வருவது. பின்னது மனிதன் தானே கையிலெடுப்பது.

14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், காதலியை அடைய ஒரு வீரன் ஆற்றிய அருஞ்செயல்களை இச்சொல்லால் சுட்டினார். 1634இல் அரங்கேறிய மில்டனின் 'கோமஸ்' நாடகத்தில், மாயக்காரனிடம் சிக்கிய சகோதரியை மீட்க ஓர் இளைஞன் துணிகிறான். காவற்பணி பூண்ட வானவன் அத்துணிவை இச்சொல்லாலேயே பாராட்டுகிறான்; அடுத்த கணமே, இங்கு வாள் பெரிதும் உதவாது என எச்சரிக்கவும் செய்கிறான். வெற்றி கிட்டுமுன்னரே பாராட்டு கிட்டிவிடுகிறது. இச்சொல்லின் உயிர் வெற்றியில் இல்லை. ஏற்றுக்கொண்ட உறுதியில் உள்ளது.

இதன் இனச்சொல்லான 'என்டர்பிரைஸ்' இன்று பெரிதும் வணிக முயற்சியையே நினைவூட்டுகிறது. எனவே தமிழாக்கம் செய்வோர் ஒலி ஒப்புமையால் மயங்கலாகாது. 'மேற்கொள்' என்னும் நம் வினை இதற்கு மிக அணுக்கமானது. மேலே ஏற்றுக்கொள்வதே அதன் பொருள். 'மேற்கொண்ட அருஞ்செயல்' எனப் பெயர்த்தால் மூலத்தின் கருத்துச் சிதையாது.

மாணவ நண்பர்களே! அகராதி பொருளைக் காட்டும். வேர்தான் வேறுபாட்டைக் காட்டும்.