சிங்கிள் கிரே டிக் முதல் இளநரை வரை... சாம்பல் நிறத்துக்கு இத்தனை அர்த்தங்களா?

ராத்திரி 11 மணி. 'சாரி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது'னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் தட்டிவிடுறீங்க. பக்கத்துல ஒரே ஒரு சாம்பல் நிற டிக். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தாலும் அதே ஒத்த டிக்தான். 'பிளாக் பண்ணிட்டாங்களோ?'னு மனசு அடிச்சுக்க ஆரம்பிச்சிடும்.

கொஞ்சம் பொறுங்க. ஒரு டிக் விழுந்தால் உங்கள் பக்கத்திலிருந்து மெசேஜ் கிளம்பிவிட்டது என்று மட்டுமே அர்த்தம். அவர் போன் ஆஃப் ஆகியிருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம். பிளாக் செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால், அந்த ஒரு டிக்கை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ரெண்டு சாம்பல் டிக் என்றால், அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. படித்தாரா என்பதைக் காட்டத்தான் 2014 நவம்பரில் நீல டிக் வந்தது. அதையும் ஆஃப் செய்து வைக்கலாம் என்பதால், சாம்பல் நிறத்திலேயே நிற்கும் உங்கள் 'சாரி'யை அவர் நாலு தடவை படித்திருக்கவும்கூடும்!

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் நிற்பதாலோ என்னவோ, 'இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது' என்கிற அர்த்தம் இந்த நிறத்தோடு ஒட்டிக்கொண்டது. நல்லவனா, கெட்டவனா என்று புரியாத ஹீரோவை 'கிரே ஷேட்' கேரக்டர் என்கிறோம். சட்டம் தெளிவாகச் சொல்லாத இடம் 'கிரே ஏரியா'.

பணம் சம்பந்தப்பட்ட 'கிரே'யில்தான் நிஜமாகவே உஷாராக இருக்க வேண்டும். கிரே மார்க்கெட்டில் கிடைக்கும் போன் போலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரிஜினலாகவே இருக்கலாம். ஆனால், நிறுவனம் அனுமதித்த வழியில் வராததால் வாரன்டி கிடைக்காமல் போகலாம். என் கசின் இப்படித்தான் 'பில் வேண்டாம்னா ரேட் குறைச்சுக்கலாம்' என்ற பேச்சை நம்பி வாங்கினான். மூணாவது மாசம் டிஸ்ப்ளே போச்சு. சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள். ஐ.பி.ஓ வரும்போதெல்லாம் டெலிகிராம் குரூப்களில் பறக்கும் 'ஜி.எம்.பி' இருக்கிறதே, அதுவும் கிரே மார்க்கெட் பிரீமியம்தான். பங்கு லிஸ்ட் ஆகும் முன் வெளியில் பேசிக்கொள்ளும் விலை அது. செபியின் கண்காணிப்பு அதற்குக் கிடையாது. அதை மட்டும் நம்பிப் பணம் போடாதீங்க.

'கிரே டைவர்ஸ்'ல வர்ற கிரே வேற. அது நரைமுடியின் நிறம். 50 வயதைத் தாண்டிய தம்பதி பிரிவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

நரைனு சொன்னதும் கண்ணாடி ஞாபகம் வருதா? எனக்கு 26 வயசுல முதல் நரை வந்தப்ப, 'பிடுங்காத, தலை முழுக்கப் பரவும்'னு அம்மா பதறினாங்க. பரவாது. ஒவ்வொரு முடியின் வேர்க்காலும் தனித்தனி. அங்கே மெலனினை உருவாக்கும் செல்கள் குறையும்போது, அந்த முடி நிறமில்லாமல் வளர்கிறது. அதற்காகப் பிடுங்கவும் வேண்டாம்; வேர்க்கால்தான் பாழாகும். இன்னொரு விஷயம், தலை சாம்பல் நிறமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், வெள்ளை முடியும் கறுப்பு முடியும் கலந்து கிடப்பதுதான்.

நம்மூர்க்காரர்களுக்கு 25 வயதுக்கு முன்பே நரை வந்தால் அதை இளநரை என்கிறார்கள் மருத்துவர்கள். பெரும்பாலும் பரம்பரைதான் காரணம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு பிரச்னை, சிகரெட் பழக்கம் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு. அதனால் டை வாங்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஸ்ட்ரெஸ்? 2021-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சுவாரஸ்யத்தைக் கண்டார்கள். ஆய்வில் பங்கேற்ற ஒருவர் விடுமுறைக்குப் போன சமயத்தில், அவருடைய நரைமுடிகளில் ஐந்து மீண்டும் கருமைக்குத் திரும்பியிருந்தன. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஆனால், இந்தக் கதை நமக்குப் பழசு. 'இத்தனை வயசாகியும் நரைக்கலையே, எப்படி?' என்று கேட்டவர்களுக்கு பிசிராந்தையார் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. நல்ல மனைவி, அறிவுள்ள பிள்ளைகள், மனசறிந்து நடக்கும் வேலையாட்கள், ஊரில் பணிவான பெரியவர்கள்... கூடவே, தப்பு செய்யாத அரசனும் அந்த லிஸ்ட்டில் உண்டு!