சட்டியில் இருக்கிறது, அகப்பையில் எங்கே?

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானம் சமைப்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு, அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. விடியவே கல் வைத்துக் கிடாரம் ஏற்றுவார்கள். என்ன கறி என்பதைக் கமிட்டி முடிவு செய்யும். அரிசி மூட்டை அடுக்கிய அறையின் சாவி ஒருவரிடம், உப்புப் பார்ப்பவர் ஒருவர், பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் நடப்பவர் இன்னொருவர். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் கமிட்டியையும் பார்க்கவில்லை, சமையற்காரரையும் பார்க்கவில்லை. அவர் கண்டது வாளிக்காரரை மட்டும். "இந்த வருசம் சாப்பாடு எப்படி?" என்ற கேள்விக்கு ஊர் சொல்லும் பதில் அந்த வாளிக்காரரின் கையைப் பொறுத்தது.

கொழும்பில் அமைச்சரவை கமிட்டி. அரிசி அறைச் சாவி திறைசேரியிடம். ஒவ்வொரு அமைச்சிலும் செயலாளர் தலைமைச் சமையற்காரர். அவரை ஜனாதிபதி நியமிப்பார். அவருக்குக் கீழே கரண்டி பிடிக்கும் அதிகாரிகளில் முக்கியமானவர்கள் இலங்கை நிர்வாக சேவையைச் சேர்ந்தவர்கள். வெள்ளைக்காரர் காலத்துச் சிவில் சேவையை 1963 மே 1இல் கலைத்துவிட்டு உண்டாக்கிய நிர்வாக சேவையின் வாரிசு அது. சுற்றறிக்கை நுவரெலியா கச்சேரிக்கு வரும், பிறகு பிரதேச செயலகத்துக்கு, கடைசியாகக் கிராம உத்தியோகத்தருக்கு. லயத்து மனிதருக்கு 'அரசாங்கம்' என்றால் அந்த ஜி.எஸ். ஐயாதான். அகப்பை அவர் கையில்.

அரச சேவைச் சீர்திருத்தம் என்றால் தலைநகரில் நடக்கும் சண்டை பெரும்பாலும் ஒன்றே: சமையற்கட்டு ஆட்களை நியமிப்பதும் மாற்றுவதும் யார்? 1972 அரசியலமைப்பு அதை அமைச்சரவையிடம் கொடுத்தது. 2001இல் 17ஆவது திருத்தம் அரசாங்க சேவை ஆணைக்குழுவைச் சுயாதீனமாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் அந்த ஆணைக்குழுவின் உறுப்பினர்களைப் பொறுக்கும் உரிமையை ஜனாதிபதிக்குத் தந்தது. 2015இல் 19ஆவது அதைப் பிடுங்கி அரசியலமைப்புப் பேரவையிடம் சேர்த்தது, 2020இல் 20ஆவது திரும்பக் கொடுத்தது, 2022இல் 21ஆவது மறுபடியும் பிடுங்கியது. இப்படிக் கைமாறும் சாவியை நம்பி எந்தச் சமையற்காரர் நிம்மதியாக உப்புப் போடுவார்?

'இடுகிறவள் தன்னவளானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன' என்பார்கள். மலையகத்தில் அந்தத் 'தன்னவள்' நெடுங்காலம் தொழிற்சங்கம். சங்க ஆபீசில் ஒரு கடிதம், தலைவரிடமிருந்து ஒரு போன், அப்புறம் கந்தோரில் வேலை நடக்கும். தலைவரை நம்பினோம், அரசாங்கத்தை நம்பவில்லை. நம்பச் சொல்லவும் அதற்கு முகம் இருக்கவில்லை: 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களைப் பந்தியிலிருந்தே எழுப்பிவிட்டது. எஞ்சியவர்களுக்கும் இலை போட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலை போட்ட பிறகாவது? பிரதேச சபைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை உண்டாக்கிய 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று. தோட்டம் கம்பெனிக் காணி, அதற்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று அதைக் காட்டிச் சபைகள் கைவிரித்தன. லயத்து மக்கள் வாக்குப் போடுவார்கள், அவர்கள் வாக்கில் உறுப்பினர்கள் சபைக்குப் போவார்கள், சபைப் பணம் மட்டும் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிடும். சமையற்காரரைத் தெரிவு செய்யலாம், சோறு கேட்கக் கூடாது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். முப்பது வருடம் சட்டியில் இருந்தது.

அகப்பை எண்ணிக்கையையும் பார்க்கலாம். 2012 கணக்கெடுப்பில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தலா 2 லட்சத்துக்கு மேல் மக்கள். அதே கணக்கெடுப்பில் ஒரு லட்சம்கூட இல்லாத முல்லைத்தீவு மாவட்டத்துக்கு ஆறு பிரிவுகள். அது அங்கே கூடுதல் என்று நான் சொல்லவில்லை. வன்னியின் தூரம் வேறு. இங்கே பொகவந்தலாவைக்காரர் நோர்வூட், ஹட்டன் தாண்டிக் கினிகத்தேனைக்கு பஸ் பிடித்தாக வேண்டியிருந்தது. நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து பிரிவுகளைப் பத்தாக்க 2019இல் வர்த்தமானி வந்தது. பிறகும் முழுச் செயலகமா, உப அலுவலகமா என்ற இழுபறி பாராளுமன்றம் வரை போனது.

என் சின்னம்மா பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்தப் போன கதையைச் சொல்கிறேன். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். முதல் நாள் உரிய அதிகாரி லீவு. இரண்டாம் நாள் கொடுத்த படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது, வாசலில் நின்ற ஒரு பையன் ஐம்பது ரூபாய்க்கு நிரப்பித் தந்தான். மூன்றாம் நாள், "கடிதம் போட்டோமே, வரல்லியா?" என்றார்கள். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்தது. லயத்து அறைக்கு என்று தனி விலாசம் ஏது? மூன்று நாளும் மலைக்குப் போகவில்லை, மூன்று பேர், அதாவது மூன்று நாள் சம்பளம், போச்சு. செக்ரோலில் அரைப்பேர்கூட விழவில்லை. அரசாங்கத்தின் மீது சின்னம்மாவுக்கு என்ன அபிப்பிராயம் என்பதை அச்சில் போட முடியாது.

இத்தனைக்கும் நுவரெலியா, அம்பகமுவ இரண்டும் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை.

ஆகவே கொழும்பில் புதுக் கிடாரம் வாங்குகிறார்கள் என்ற செய்தியைக் கேட்டு இங்கே யாரும் கைதட்டுவதில்லை. படிவத்தை ஒன்லைனில் போட்டாலும், ஆணைக்குழுவை மாற்றினாலும், கடைப்பந்திக்கு வாளி வந்ததா என்று எட்டிப் பார்ப்போம். அப்படிப் பார்ப்பது அவநம்பிக்கை இல்லை, பழக்கம்.

எட்டிப் பார்க்க இப்போது ஒரு சட்டமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் விண்ணப்பம் எந்த மேசையில், ஏன் நிற்கிறது என்று கேட்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டால் போதும். அதை எழுத்தில் இறக்குவது தகவல் அதிகாரியின் கடமை. அடுத்த முறை "இன்னும் வரல்ல" என்ற பதில் கிடைத்தால், பஸ்ஸுக்கு ஓடாமல் அந்தக் கந்தோரிலேயே தகவல் அதிகாரி யார் என்று கேளுங்கள்.