நாடகப் பட்டமும் குடும்பக் கணக்கும்

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான்; கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது பழமொழி. இரவெல்லாம் ஆடியவன் விடியலையும், பகலெல்லாம் உழைத்தவன் பொழுது சாய்வதையும் எதிர்நோக்குவான் என்பது அதன் பொருள். மாசி மாதத்திற் காமன் கூத்து நிகழும் நம் மலையகத் தோட்டங்களிலோ, இவ்விருவரும் பெரும்பாலும் ஒருவரேயாவர். பகலிற் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையே இரவில் மன்மதனின் வில்லையும் பிடிக்கின்றது. கூத்தினை அவர்கள் பிழைப்பாகக் கொண்டாரல்லர். நேர்த்தியாகவும் ஊர்க்கடனாகவுமே கொண்டனர். இன்று அவ்வில்லங்களின் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையில் 'நாடகமும் அரங்கியலும்' என்னும் பாடத்திற் சித்தியெய்தி, அத்துறையிலே பட்டமும் பெற விழைகின்றனர். "அந்தப் பட்டம் சோறு போடுமா?" என்று பெற்றோர் வினவுகின்றனர். அவ்வினா இகழத்தக்கதன்று, கணக்கிட்டு விடை கூறத்தக்கது.

முதலிற் செலவினை நோக்குவோம். 1945 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் கல்வி இலவசமாதலின், அரச பல்கலைக்கழகத்திற் படிப்பதற்குக் கட்டணமென்னும் பெருஞ்சுமை இல்லை. எனினும் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அறிவியல், தொழில்நுட்பம், முகாமைத்துவம் ஆகியவற்றுக்கே முதன்மை தருவது. தமிழ்மொழி மூலம் நாடகம் பயில விரும்பும் வெலிமடை மாணவர், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையோ நாடிச் செல்லல் வேண்டும்.

ஆயின் பேருந்துக் கட்டணமும் விடுதி வாடகையும் இக்கணக்கின் சிறு பகுதியே. பெரும் பகுதி கண்ணுக்குப் புலனாகாதது. அஃது அந்நான்கு ஆண்டுகளில் மாணவர் ஈட்டாது விடும் ஊதியமாகும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 ஆம் ஆண்டு 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதனையே அளவுகோலாகக் கொண்டு, மாதத்தில் இருபது நாள் வேலையெனின் மாதம் 27,000 ரூபாய். ஆண்டுக்கு 3,24,000 ரூபாய். நான்காண்டுக்கு ஏறக்குறைய 13 இலட்சம் ரூபாய். மகாபொலப் புலமைப்பரிசில் 2025 இல் மாதம் 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்குப் பத்துத் தவணையெனக் கொள்ளின், அதனைப் பெறும் மாணவர்க்கு நான்காண்டில் 3 இலட்சம் கிடைக்கும். எஞ்சிய 10 இலட்சமே இப்பட்டத்தின் உண்மையான விலை. உணவு எங்கிருப்பினும் வேண்டப்படுவதாதலின் அதனை ஈண்டுச் சேர்த்திலேம்.

இனி வரவு யாது? நாடகம் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவோர் எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனுமே. அவ்விருவரும் இளமையிலேயே நாடகக் குழுக்களிற் சேர்ந்து பயின்றவர்கள், பட்டம் பெற்றவர்களல்லர். அவர்களோடு மேடையேறிய எத்தனையோ பேரின் பெயரை இன்று நாம் அறியோம். வென்றவரை மட்டும் எண்ணிப் போடும் கணக்கு பிழையான கணக்காகும்.

மேடை வருவாய் குறைவாயிருத்தற்கு ஒரு காரணமும் உண்டு. போமல், போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இருவர் 1966 இல் அதனை விளக்கினர். தொழிற்சாலையிற் பொறிகள் வந்தமையால் ஓராள் முன்னிலும் பன்மடங்கு ஆக்குகின்றார்; நாடகத்திற்கோ அன்று வேண்டிய நடிகர் தொகையும் நேரமும் இன்றும் வேண்டும். ஊதியம் எங்கும் உயர, நாடகத்தின் செலவும் உயரும். நுழைவுச்சீட்டின் விலையை அவ்வளவு உயர்த்தல் இயலாது. ஆதலின் அரசோ கொடையாளரோ கைகொடுத்தாலன்றி மேடை தனித்து நில்லாது.

ஈழத்துத் தமிழ் நாடகத்திற்குக் கைகொடுத்தது ஆசிரியத் தொழிலாகும். பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் புதுமெருகுடன் மேடையேற்றிய சு. வித்தியானந்தன் அங்கே தமிழ் கற்பித்தவர். 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கமும் பாடசாலை ஆசிரியரே. இவர்கள் சம்பளத்தில் வாழ்ந்து, அச்சம்பளத்தின் நிழலிற் கலையை வளர்த்தனர். ஆகவே நம் மாணவர்க்கு இப்பட்டம் பெரிதும் ஓர் ஆசிரியப் பட்டமேயாம்.

அவ்வாறாயின் முதல் எப்பொழுது மீளும்? அரச சேவையின் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தைப் படிப்படியாக 40,000 ரூபாய்க்கு உயர்த்துவதென 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. பட்டதாரி ஆசிரியரின் சம்பளம் அதனிலும் மேம்பட்டதாயினும், குறைந்த தொகையையே கொள்வோம். மாதம் 27,000 ரூபாயினும் 13,000 ரூபாய் மிகுதி. பத்து இலட்சம் ரூபாய் ஆறரை ஆண்டளவில் மீண்டுவிடும். அதன் பின்னர் ஓய்வு பெறும்வரை இலாபமே, ஓய்வூதியமும் உண்டு.

ஆயினும் இக்கணக்கிலே ஒரு முள் உளது. பட்டம் பெற்ற மறுநாளே நியமனம் வருவதில்லை. 2020 இல் அரசு 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் பயிற்சிக் கொடுப்பனவுடன் சேர்த்துக்கொள்ள முன்வந்தமையே, காத்திருந்தோர் தொகையைக் காட்டும். வேலையின்றிக் கழியும் ஒவ்வோராண்டும் 3,24,000 ரூபாய் இழப்பாகின்றது. அதனை மீட்க ஈராண்டு வேண்டும். மூன்றாண்டு வாளாவிருந்தால், ஆறரையாண்டுக் கணக்குப் பன்னிரண்டரையாண்டாக நீளும். எனவே பட்டத்தின் மதிப்பை நிர்ணயிப்பது பாடத்தின் பெயரன்று. காத்திருக்குங் காலத்தை எவ்வாறு கழிக்கின்றோம் என்பதேயாம்.

இதனை முன்னரே உணர்ந்த மாணவர், படிக்குங்காலத்திலேயே சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் செம்மையாகக் கற்பர். ஒலிபரப்பு, ஒளியமைப்பு, நிகழ்ச்சி முகாமை, சிறுவர் அரங்கு ஆகியவற்றுள் ஒன்றிலேனும் கைத்தேர்ச்சி பெறுவர். நியமனம் வரும்வரை அக்கைத்தொழில் அவரைக் காக்கும். ஆசிரியரான பின் கல்வியியல் டிப்ளோமாவையும் பெறின் பதவியுயர்வுக்கு வழி பிறக்கும். இவை எவற்றுக்கும் மனமில்லாது, திரையுலகப் புகழ் ஒன்றையே நம்பிச் செல்வோர்க்கு இப்பட்டம் ஏற்றதன்று என்று துணிந்து கூறுவோம்.

கல்லூரிப் பழைய மாணவராகிய நமக்கும் ஒரு கடனுண்டு. ஆண்டுவிழா நாடகத்தைப் பழக்கவும், மேடைக்கு ஒளியமைக்கவும், காத்திருக்கும் நம் இளம் பட்டதாரி ஒருவரை அழைத்து, அவர் உழைப்புக்கு உரிய ஊதியம் அளிப்போமாக. "தம்பி, ஊருக்காக ஒரு நாடகம் போட்டுத் தா" என்று கேட்டு, மாலையும் பொன்னாடையும் போர்த்தி வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இவ்விழா ஆண்டோடு ஒழியட்டும். கிழக்கு நோக்கும் கூத்தனுக்கும் விடியல் வேண்டுமன்றோ!