தொட்டிலும் தூரியும்

ஆடி மாதத்தில் மரக்கிளையில் தூரி கட்டி ஆடுவது கொங்கு நாட்டு வழக்கம். குழந்தை பிறந்த இல்லங்களிலோ, உத்தரத்துக் கொக்கியில் சுருள்வில்லை மாட்டி, அதன்கீழ்ச் சேலைத் தொட்டில் கட்டுவதையும் காண்கிறோம். இரண்டும் ஆடுகின்றன. இரண்டன் ஆட்டமும் ஒன்றுதானா?

தொட்டிலைச் சற்றே கீழே இழுத்துவிட்டால் அது நடுநிலைக்கு மீளத் துடிக்கிறது, மீண்டும் அங்கு நில்லாது, விரைவின் மிகுதியால் மேலே செல்கிறது, மறுபடியும் இறங்குகிறது. விலகல் மிக மிக, மீட்கும் விசையும் அதே விகிதத்தில் மிகும். சுருள்வில்லின் இவ்வியல்பை இராபர்ட் ஊக் 1678இல் விளக்கி வெளியிட்டார். இவ்வாறு அமையும் ஆட்டமே தனிச்சீரிசை இயக்கம் எனப்படும்.

ஆய்வகத்தில் இதனை எளிதிற் காணலாம். 100 கிராம் நிறையைத் தொங்கவிட ஒரு வில் 4.9 செ.மீ. நீண்டால், அதன் விசைமாறிலி மீட்டருக்கு 20 நியூட்டன் ஆகும். அவ்வில்லில் 200 கிராம் நிறை 20 முறை அலைய ஏறத்தாழ 12.6 வினாடி வேண்டும். 800 கிராமுக்கு 25.1 வினாடி. நிறை நான்கு மடங்கானால் அலைவுநேரம் இருமடங்கே ஆகிறது. குழந்தை வளர வளரத் தொட்டிலின் ஆட்டம் நிதானமடைவது இதனாலேயே. தூரியிலோ ஆடுபவர் நிறைக்கு இடமில்லை. கயிற்றின் நீளமே அலைவுநேரத்தை வகுக்கிறது.

இனி, மாணவர் கருதவேண்டியது ஒன்றுண்டு. அலைவுநேரத்தின் இருபடியை நிறையோடு வரைபடமாக்கினால் நேர்கோடு கிடைக்கும். ஆயின் அக்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் சற்று மேலே வெட்டும். தம் பிழையென்றஞ்சி அளவீடுகளைத் 'திருத்தி' எழுதுவோர் உளர். உண்மையில், வில்லும் தானே ஆடுகிறது. அதன் மேல்முனை அசைவதில்லை. கீழ்முனையோ நிறையோடு ஒக்க ஓடுகிறது. ஆதலின் வில்லின் நிறையில் மூன்றிலொரு பங்கு, தொங்கும் நிறையோடு சேர்ந்துகொள்கிறது. மாணவர் அழிக்க முனைந்தது பிழையன்று. வில் தன்னைப்பற்றிச் சொன்ன மெய்.

அறிவியலைத் தமிழிற் சொல்லவியலுமா என்று இன்றும் ஐயுறுவோர்க்கு, ஜி. ஆர். தாமோதரனார் கோவையிலிருந்து நடத்திய 'கலைக்கதிர்' இதழே விடையாகும். 'மீள்விசை' என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே சிற்றூர் மாணவனுக்கு அதன் பொருள் பாதி விளங்கிவிடுகிறது. மீதிப்பாதியை அவன் தன் கையால் அளந்து, அளந்ததை அளந்தவாறே எழுதி அறியட்டும்.