மலைக்குள் எவ்வளவு தண்ணீர்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளில் ஓடுகிறது ஈஸ்ட் ஆறு. குளிர்காலப் பனி மே, ஜூனில் உருகும்போது கரைபுரளும். ஆகஸ்டில் சரிவுகளில் பனியே இருக்காது. ஆனாலும் ஆறு வற்றுவதில்லை. மலைக்குள் இறங்கிய பனிநீர் மெல்லக் கசிந்து அதை ஓடவைக்கிறது. இந்தத் தண்ணீர் கன்னிசன் ஆறு வழியாகக் கொலராடோ நதியில் சேர்கிறது. அந்த நதியை நம்பி ஏறத்தாழ 4 கோடிப் பேர் இருக்கிறார்கள்.

மலைக்குள் எவ்வளவு இருப்பு என்று எப்படிக் கணிப்பது? செங்குத்துச் சரிவுகளில் துளைபோடும் வண்டி ஏறாது. ஏறினாலும் ஒரு துளை அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் சொல்லும். சற்றுத் தள்ளினால் பாறையின் வெடிப்பே வேறு.

அதனால் வெளியிலிருந்தே அளக்கிறார்கள். இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தைப் பார்க்கிறார்கள். முளைகளின் இடைவெளி கூடக்கூட இன்னும் ஆழத்திலிருந்து தகவல் வரும். கல் நிறைந்த இடத்தில் முளை மண்ணைச் சரியாகப் பற்றாது. அப்போது முளையின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். நம்மூரில் போர் போட இடம் பார்க்கும் மின்தடைக் கருவியும் இதே வகைதான். 2017இல் ஈஸ்ட் ஆற்றுப் பகுதியை வானிலிருந்தும் மின்காந்த முறையில் அளந்தார்கள்.

ஈரப் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தும். காய்ந்த பாறை கடத்தாது. ஆனால் களியும் கடத்தும். ஈஸ்ட் ஆற்றின் கீழே பரந்திருக்கும் மான்கோஸ் ஷேல் களி மிகுந்த பாறை. ஆகவே மின்தடைப் படத்தை மட்டும் பார்த்துத் தண்ணீர் என்று சொல்லிவிடக் கூடாது. இங்கே சம்மட்டி கைகொடுக்கிறது. தரையில் வைத்த உலோகத் தட்டை ஓங்கி அடித்தால் எழும் அதிர்வு, பொலபொலத்த மண்ணில் நொடிக்குச் சில நூறு மீட்டர்தான் போகும். கெட்டிக் கருங்கல்லில் 4,000 மீட்டரையும் தாண்டும். பாறை எந்த ஆழம்வரை சிதைந்து, நீர் தங்க இடம் விட்டிருக்கிறது என்பதை அந்த வேகம் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படித் தெரிந்த பாறை எல்லைகளை வைத்துக் கணினியில் மலையைக் கட்டங்களாகப் பிரித்து, பனி உருகி இறங்குவதைச் சமன்பாடுகளால் ஓடவிடுகிறார்கள். இதுதான் கணினி மாதிரி. அதில் வரும் ஆற்றோட்டம் அளந்த ஓட்டத்தோடு பொருந்தும்வரை பாறையின் கசிவுத்திறனைத் திருத்துவார்கள். பொருந்திவிட்டால் மட்டும் போதாது. வெவ்வேறு பாறை அமைப்புகள் ஒரே ஆற்றோட்டத்தைத் தரக்கூடும். அவற்றில் எவை நிற்கும், எவை விழும் என்று பிரித்துக் காட்டுவதில்தான் இந்தப் புவி இயற்பியல் அளவீடுகளின் உண்மையான மதிப்பு இருப்பதாக நினைக்கிறேன்.

களியையும் தண்ணீரையும் பிரித்தறிய இன்னும் சிறந்த வழி, அதே முளைகளை அசைக்காமல் பனி உருகும்போதும் கோடைக் கடைசியிலும் அளப்பது. களி இடம் மாறாது. வெப்பநிலையின் விளைவைக் கழித்தபின் மிஞ்சும் மாற்றம் பெரும்பாலும் வந்துபோன தண்ணீருடையது.