கச்சான் காற்றும் கொழுந்தும்

ஜூலை பிறந்ததும் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் காற்றின் குணம் மாறிவிடும். ஹற்றன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிற அதே நாட்களில், மலைத்தொடருக்கு இந்தப் புறமுள்ள பண்டாரவளையிலும் பசறையிலும் வானம் வெளிறிக் கிடக்கும். மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு மலையைத் தாண்டும் காற்று, இந்த ஊவாப் பக்கத்தை நோக்கி இறங்க இறங்கச் சூடேறி மேலும் உலர்ந்துபோகும். இதுதான் கச்சான். லயத்துக் கூரைத் தகரம் படபடக்கும், உதடு வெடிக்கும், கொழுந்து எடுக்கும் பெண்கள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள்.

செடிக்கும் அது சிரம காலம்தான். தண்ணீர் குறைந்து தளிர் விடுவது மந்தமாகும். ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோவை எட்டுவதே பெரும்பாடு. ஆனால் இப்படி நெருக்கடிக்கு உள்ளான இலைதான் வாசனைப் பொருள்களை மிகுதியாக உண்டாக்குகிறது. அவற்றில் முக்கியமானது மெத்தில் சாலிசிலேட். வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மணக்கிறதே, அதே பொருள். ஊவாத் தேயிலையைச் சுவைப்பவர்கள் சிலாகிக்கிற அந்தக் குளிர்ச்சியான நெடி இதிலிருந்து வருவது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான இந்தப் பருவத்துத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. கூடை நிறையாத மாதங்களில்தான் ஊவாவின் பெயர் உலகெங்கும் மணக்கிறது. அந்த மணத்துக்குக் கிடைக்கும் விலையில் கூடை சுமப்பவளுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.

பாடப்புத்தகத்தில் சூழற்றொகுதி என்றால் இரண்டு நிரல்கள். ஒன்றில் செடி, பூச்சி, பறவை, பங்கசு, பற்றீரியா ஆகிய உயிருள்ள கூறுகள். மற்றதில் காற்று, வெயில், நீர், மண், வெப்பநிலை ஆகிய உயிரற்ற கூறுகள். பரீட்சைக்கு இது போதும். ஊவா மலையில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவே போட்ட கோடு அழிந்துபோகிறது. மேற்கே பெய்த மழையின் மிச்சக் காற்று இலைக்குள் இரசாயனமாகக் குடியிருக்கிறது.

கச்சானுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தளிரில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும் பங்கசு நோய் 1946இல் இலங்கைத் தேயிலைக்குள் நுழைந்தது. மூட்டமும் ஈரமும் இருந்தால் அது பரவும். இலை காய்ந்து வெயில் விழுந்தால் அடங்கிவிடும். மருந்து அடிக்காமலே சூரியன் செய்கிற வேலை அது.

மருந்து அடித்துக் கெடுத்த கதை ஒன்றும் இருக்கிறது. தேயிலைக் கிளையில் குண்டூசியால் குத்தியதுபோல ஓட்டை தெரிந்தால், உள்ளே துளைப்பான் வண்டு இருக்கிறது என்று அர்த்தம். எள்ளளவே இருக்கும் அந்தக் கருவண்டு மரத்தைத் தின்பதில்லை. கிளைக்குள் சுரங்கம் தோண்டி, தன்னோடு கொண்டுவந்த பங்கசை அதன் சுவரில் வளர்க்கிறது. குஞ்சுகளுக்கு அந்தப் பங்கசுதான் சோறு. ஒரு வகையில் அதுவும் ஒரு தோட்டக்காரன்தான். சுரங்கம் விழுந்த கிளை, காற்று பலமாக அடித்தாலோ கொழுந்து எடுக்கும் கை சற்று அழுத்தினாலோ முறிந்துவிடும்.

இந்த வண்டை ஒழிக்க 1950களில் டில்ட்ரின் என்ற பூச்சிகொல்லியைத் தெளித்தார்கள். வண்டு குறைந்தது. ஆனால் தெளித்த மலைகளில் இலைகளை ஒட்டவைத்துச் சுருட்டி அதற்குள் இருந்து தின்னும் இலைச்சுருட்டுப் புழு பெருகியது. இத்தனைக்கும் அது ஏற்கெனவே அடக்கி வைக்கப்பட்ட எதிரி. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து இலங்கைத் தோட்டங்களில் விட்டிருந்தார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். இருபது ஆண்டுகளாகக் கூலி கேட்காமல் காவல் காத்த குளவியை டில்ட்ரின் கொன்றுவிட்டது. சுருட்டிய இலைக்குள் ஒளிந்திருந்த புழு தப்பித்துக்கொண்டது. பூச்சி மருந்தை யோசிக்காமல் தெளிக்கக் கூடாது என்பதற்கு உலகம் எங்கெங்கோ உதாரணம் தேடும். மலையகத்துக்கு அது வீட்டுக்குள்ளேயே கிடைத்த பாடம்.

மண்ணின் கதையும் இதே போக்குத்தான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தேயிலைக்கு நடுவே ஒரு புல்கூட இருக்கக் கூடாது. சுரண்டியால் நிலத்தை வழித்தெடுத்தார்கள். சரிவில் மூடாக்கு இல்லாமல் கிடந்த மேல்மண் ஒவ்வொரு மழைக்கும் ஆற்றோடு போனது. இன்று கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது நேராகக் கன்று நடுவதில்லை. கௌத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வளர்த்து, வெட்டி வெட்டி நிலத்திலேயே போடுகிறார்கள். வேரும் தாளும் மக்கி, இறுகிய மண்ணுக்குள் மறுபடி காற்றும் நீரும் புக வழி பிறக்கிறது. மானா வேறு எங்கிருந்தோ வந்ததல்ல. ஊவாவின் பதனைப் புல்வெளிகளில் தானாகவே வளர்ந்து, கச்சான் காலத்துத் தீயில் கருகி, அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் புல். அதை அழித்துத் தேயிலை நட்டவர்களுக்குப் பிறகு வந்தவர்கள், தேயிலைக்காக அதையே நடுகிறார்கள்.

நிலத்துக்கு மேலே நடப்பது கண்ணுக்குத் தெரியும். அடியில் நடப்பதைத் தெரிந்துகொள்ளப் பண்டாரவளை மக்களுக்கு 2014 டிசம்பர் வரை ஆனது. உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பாறை இடுக்கில் ஓடிய நீரை நம்பித்தான் மேலேயிருந்த மரக்கறித் தோட்டமும் வயலும் நின்றன என்பது அப்போதுதான் துலங்கியது. 2017இல் ஊரே திரண்டு வீதிக்கு வந்தது. 120 மெகாவோட் மின்சாரம் தரும் அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது.

நீர் இல்லாமல் போவது ஒரு கேடு என்றால், வெளியேற வழியில்லாமல் தங்குவது இன்னொரு கேடு. ஒக்டோபரில் காற்று திசை மாறி, ஊவாவுக்கு மழை வரும். கோடையில் வெடித்த நிலத்தின் பிளவுகள் வழியே நீர் உள்ளே இறங்கும். சரிவிலுள்ள கான்கள் தூர்ந்திருந்தால் அது வடியாமல் மண்ணுக்குள்ளேயே தேங்கும். துகள்களுக்கு இடையே நீர் நிரம்ப நிரம்ப அவை ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளரும், பாரமும் ஏறும். வேர்கள் தாங்குகிற ஆழத்துக்குக் கீழே வழுக்கல் தொடங்கிவிட்டால் மேலே என்ன நட்டிருந்தாலும் பயனில்லை. மரங்களும் கம்பங்களும் ஒரு பக்கம் சாய்வது, நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, பீலியில் திடீரென்று கலங்கல் நீர், ஊற்று இல்லாத இடத்தில் ஊற்று ஆகியவற்றை மண்சரிவின் முன்னறிகுறிகளாகச் சொல்கிறார்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.